ஈட்டியும் சங்கும்

ஐப்பசி மாதம் கந்த சஷ்டி வந்தால் தமிழ்நாட்டில் பல முருகன் கோயில்களில் ஒரு காட்சி நடக்கிறது. தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தே பழகிய மனிதர்கள் அன்றைக்கு எழுந்து, தலைப்பாகை கட்டி, இடுப்பில் கச்சையை இறுக்கி, ஆயுதம் ஏந்தி நவவீரர்களாக வேஷம் போட்டு வருகிறார்கள். சூரபத்மனை அடிக்க முருகன் புறப்பட்டபோது வீரபாகுவும் அவனுடைய எட்டுத் தம்பிகளும் சேனைக்கு முன்னால் போனார்கள் என்றும், அந்த ஒன்பது பேரின் வம்சம்தான் கைக்கோளர் என்கிற செங்குந்தர் என்றும் புராணம் சொல்கிறது. குந்தம் என்றால் ஈட்டி. செங்குந்தம் என்றால் இரத்தத்தில் தோய்ந்து சிவந்த ஈட்டி. கந்தபுராணத்தைக் கச்சியப்ப சிவாசாரியார் பாடியதே நம் காஞ்சிபுரம் குமரகோட்டத்தில்தான் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரிந்த சேதி.

விழா முடிகிறது. வேஷம் கலைகிறது. ஆயுதங்கள் அறைக்குள் போகின்றன. மறுநாள் காலையில் வீரபாகுவின் வம்சம் முதலாளி வீட்டுத் திண்ணை ஓரத்தில் நின்று, "பாவு எப்போது கிடைக்கும்? கூலியில் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள்" என்று கேட்கிறது.

வருஷத்தில் ஒரு நாள் கையில் ஈட்டி. மீதி நாளெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. இது எப்படி நேர்ந்தது?

ஒரு ஜாதியின் பழம்பெருமையைப் பேசுவதற்காக நாம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. உழைக்கிறவன் கையில் ஒரு காலத்தில் இருந்த ஆயுதம் எப்படி அலங்காரப் பொருளாக மாறுகிறது என்பதை ஆலைத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் நாளைக்கு நம்முடைய கொடியையும் சங்கத்தையும்கூட இப்படிச் சந்தனப் பொட்டு வைத்து மாடத்தில் ஏற்றிவிட ஆள் இருக்கிறார்கள்.

ராஜாவின் பெயர் தாங்கிய படை

சோழ ராஜாக்கள் காலத்துக் கல்வெட்டுகளில் 'தெரிஞ்ச கைக்கோளர்' என்ற படைகள் வருகின்றன. தெரிஞ்ச என்றால் பொறுக்கி எடுத்த என்று அர்த்தம். 10ஆம் நூற்றாண்டு முதல் இந்தப் படைகளைப் பார்க்கிறோம். பராந்தக தெரிஞ்ச கைக்கோளர் என்று ஒரு படை. சிங்களாந்தக தெரிஞ்ச கைக்கோளர் என்று ஒரு படை. படையிலிருந்த எல்லோரும் தறி நெய்தவர்கள்தானா, அல்லது கை வலுத்தவர்கள் என்பதால் மட்டும் அந்தப் பெயரா என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். கைக்கோளர் என்ற சொல்லுக்கே நெசவுக் கோலைக் கையில் பிடித்தவன் என்றும் பொருள் சொல்கிறார்கள். கைபலம் உள்ளவன் என்றும் பொருள் சொல்கிறார்கள். எப்படியானாலும் அந்தப் பெயரும் ஈட்டியும் நெசவாளர் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. தறியும் ஆயுதமும் ஒரே வீட்டில் இருந்த காலம் ஒன்று இருந்தது என்கிற நினைவு இன்றுவரை அழியவில்லை.

ஆனால் தோழர்களே, அந்தப் படைகளின் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். பராந்தகன் ராஜா. சிங்களாந்தகன் என்றால் சிங்களவருக்கு எமன். அதுவும் ராஜாவின் பட்டப்பெயர். வெட்டுப்பட்டவன் கைக்கோளன், பெயர் ராஜாவுடையது. கடல் தாண்டிப் போய் யாரைக் கொல்ல வேண்டும் என்று தீர்மானித்தது தறிக்காரன் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அதே ராஜாங்கம் தறிக்கு வரி வாங்கியது. தறியிறை என்று அதற்குப் பெயர். பின்னால் வந்த விஜயநகர ஆட்சியிலும் தறிக்கு வரி தொடர்ந்தது. ஒரு கையால் ஈட்டியைக் கொடுத்த ராஜா மறு கையால் தறியின் மேல் வரியைப் பிடுங்கினான். ஈட்டி நம்முடையதாக இருந்திருந்தால் அந்த வரிக்காரன் தெருவுக்குள் நுழைந்திருப்பானா?

எழுபது தலைகளின் விலை

ஈட்டியைப் பற்றிப் பாட்டும் உண்டு. 'ஈட்டி எழுபது' என்று அதற்குப் பெயர். 12ஆம் நூற்றாண்டில் சோழ அரசவையில் இருந்த ஒட்டக்கூத்தர் பாடியது என்று சொல்லப்படுகிறது. அந்தப் பாட்டு பிறந்த விதத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. செங்குந்தர்கள் புலவரிடம் போய்த் தங்கள் வீரத்தைப் பாடும்படி கேட்டார்களாம். அவரோ தம் சொந்தக் குலத்தைத் தாமே பாடுவது அழகில்லை என்று மறுத்தாராம். விடாமல் கேட்டதும், 'தலைப்பிள்ளைகள் எழுபது பேரின் தலையைக் கொண்டுவாருங்கள்' என்றாராம். அவர்களும் பிள்ளைகளின் தலைகளைக் கொண்டுவந்து குவித்தார்களாம். அந்தத் தலைகளால் ஆன ஆசனத்தில் அமர்ந்து அவர் பாடினாராம். பிறகு வேறொரு பாட்டுப் பாடித் தலைகளை உடல்களோடு ஒட்டவைத்து எழுப்பினார் என்று கதை முடிகிறது.

கதையைக் கதையாகவே எடுத்துக்கொள்வோம். ஆனால் கதையைக் கட்டிய ஜனங்கள் ஓர் உண்மையை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள். புகழ் ஈட்டிக்கு, தலை போனது நெய்கிறவனின் வீட்டில். வீரப் பட்டம் எப்போதும் இலவசமாக வருவதில்லை. பட்டம் கொடுக்கிறவன் ஆசனத்தில் இருக்கிறான். ஆசனம் எதனால் ஆனது என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

பாட்டில் தலைகள் திரும்ப ஒட்டிக்கொண்டன. ராஜாக்களின் யுத்தத்தில் விழுந்த தலை எதுவும் ஒட்டியதாகச் சரித்திரம் இல்லை.

சங்கு ஊதும் உரிமை

ஈட்டியைவிட எனக்குப் பெரிதாகப் படும் பொருள் இன்னொன்று உண்டு. அது சங்கு.

இன்றைக்குச் சங்கு ஊதுவது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றலாம். அந்தக் காலத்தில் யார் சங்கு ஊதலாம், யார் பல்லக்கில் போகலாம், யார் குடை பிடிக்கலாம் என்பதெல்லாம் ராஜாங்க உத்தரவு. கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளைப் பாருங்கள். கம்மாளர்கள், அதாவது தச்சரும் கொல்லரும் தட்டாரும், கல்யாணத்துக்கும் சாவுக்கும் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், காலில் செருப்புப் போடலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம் என்று ராஜா அனுமதி கொடுக்கிறான். அனுமதி கொடுத்தான் என்றால் அதற்கு முன்னால் என்ன இருந்தது? கோயிலைக் கட்டியவன் தன் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசக் கூடாது. தேர் செய்தவன் செருப்புப் போடக் கூடாது.

நம் காஞ்சிபுரத்துக் கைக்கோளர்களுக்கு இதில் ஒரு தனி இடம். செங்குந்தர்களின் ஜாதிக் கட்டமைப்பு 72 நாடுகளாகப் பிரிந்திருந்தது. காஞ்சிபுரம்தான் அவற்றுக்குத் தலைமையான மகாநாடு. வழக்குகள் கடைசியாக இங்கேதான் வரும். காஞ்சிபுரம், விரிஞ்சிபுரம் கைக்கோளர்களுக்குத் தண்டும் சங்கும் உண்டு. தண்டு என்றால் பல்லக்கு. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் மற்றச் சீமைக் கைக்கோளர்கள், 'காஞ்சிபுரத்தாருக்கு இருப்பதுபோல் எங்களுக்கும் வேண்டும்' என்று கேட்டு அந்த உரிமையைப் பெற்றதைக் கல்வெட்டு சொல்கிறது.

ஏன் கேட்டார்கள்? வெறும் ஆடம்பர ஆசை என்று சிரித்துத் தள்ள முடியாது. நானும் மனிதன், என் கல்யாணமும் கல்யாணம், என் வீட்டுச் சாவும் சாவு என்று ஊர் அறியச் சொல்வதற்குச் சங்கு வேண்டியிருந்தது. பட்டு நெய்து ராஜாவுக்கு உடுத்திவிட்டவன், தன்னை மனிதனாக மதி என்று கேட்டான். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

ஆனால் ஆட்சி கொடுத்த மரியாதையில் ஒரு கண்ணியும் இருந்தது. அது என்ன என்று பார்ப்பதற்கு அரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும்.

1429

1429ஆம் வருஷம் காவேரிப் பாசன நாட்டில் ஒரு பெரிய காரியம் நடந்தது. திருவைகாவூர், கொறுக்கை ஆகிய ஊர்க் கோயில்களின் கல்லில் அது பதிந்திருக்கிறது. விஜயநகர அதிகாரிகள் விளைச்சலைப் பார்க்காமல் வரியைக் கசக்கிப் பிழிந்தார்கள். காணியாட்சி வைத்திருந்த பெரிய நிலக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஜனங்கள் ஊரைவிட்டு ஓடும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

அப்போது வலங்கை 98 வகுப்பும் இடங்கை 98 வகுப்பும் ஒன்றாகக் கூடின. உழுகிறவர்களும் நெய்கிறவர்களும் கைத்தொழில்காரர்களும் வியாபாரிகளும் கூடினார்கள். மண்டலம் முழுவதும் நாம் ஒன்றாக நில்லாமல் இருந்ததால்தான் இந்த அநியாயம் நம் தலையில் விழுந்தது என்று அந்தக் கூட்டம் கண்டுகொண்டது. இனிமேல் விளைச்சலுக்குத் தக்க நியாயமான வரி மட்டும் கொடுப்போம், அக்கிரமமாகப் போட்டதைக் கொடுக்க மாட்டோம் என்று தீர்மானித்துக் கல்லில் வெட்டிவைத்தார்கள்.

தோழர்களே, இதை இரண்டு முறை படியுங்கள். தாலுகா ஆபீஸ் முன்னால் மறியலில் உட்கார்ந்தவனுக்கும், அறுவடைக் களத்தில் கூலி நெல்லுக்காக நின்றவனுக்கும் இந்தத் தீர்மானம் புதிதாகவா தோன்றும்? ஆறு நூற்றாண்டுக்கு முன்னால் கல்லில் எழுதியிருக்கிறது! வலங்கையும் இடங்கையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் பகையாளிகள் என்றுதான் நமக்குச் சொல்லி வந்தார்கள். ஓடுவதா நிற்பதா என்ற கேள்வி வந்தபோது இரண்டு கையும் சேர்ந்துகொண்டன.

பிறகு என்ன ஆயிற்று? ஒரு கூட்டத்துக்குத் தண்டு, ஒரு கூட்டத்துக்குச் சங்கு, ஒரு கூட்டத்துக்குக் குடை என்று மரியாதைகள் தனித்தனியாக வந்தன. கொடுத்தவன் என்ன நினைத்துக் கொடுத்தான் என்பது ஒருபுறம் இருக்கட்டும், விளைவைப் பார்ப்போம். சென்னைப் பட்டணத்தில் 1707இல் வலங்கைக்காரர்களும் இடங்கைக்காரர்களும் மோதிக்கொண்டார்கள். வரிக்காகவா? கூலிக்காகவா? இல்லை. கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்பதற்காக! கவர்னர் தாமஸ் பிட் என்ற வெள்ளைக்காரன் நடுவில் வந்து உட்கார்ந்து தெருக்களைப் பங்கு பிரித்துக் கொடுத்தான். 1429இல் அரசாங்கத்தைப் பார்த்து நீண்ட கை, 1707இல் பக்கத்துத் தெருக்காரனைப் பார்த்து நீண்டது.

மரியாதைப் பொருளின் வேலை இதுதான். ஒற்றுமையின் அடையாளமாக அதைப் பிடித்தால் கோட்டையே ஆடும். ஜாதியின் அடையாளமாகப் பிடித்தால் கோட்டையில் இருப்பவன் நிம்மதியாகத் தூங்குவான்.

ஆம்ஸ்டர்டாமின் வெள்ளிக் கொம்பு

இந்தச் சங்கதி நம் நாட்டில் மட்டும் நடந்ததில்லை. ஹாலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகரத்திலும் நகரவாசிகளின் காவல் படை இருந்தது. அதற்கும் ஒரு மரியாதைப் பொருள் உண்டு. வெள்ளி கட்டிய எருமைக் கொம்பு அது. விருந்தில் அதில் மது ஊற்றிக் குடிப்பார்கள். ஸ்பெயின் தேசத்தோடு 80 வருஷம் நடந்த யுத்தம் 1648இல் சமாதானமாக முடிந்தது. அதைக் கொண்டாட அந்தப் படைக்காரர்கள் விருந்து வைத்துப் படம் எழுதச் சொன்னார்கள். வான் டெர் ஹெல்ஸ்ட் என்ற சித்திரக்காரன் எழுதிய அந்தப் படத்தில் கேப்டனின் கையில் அந்தக் கொம்பு மினுங்குகிறது.

நகரம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்பதற்கு அந்தப் படை அடையாளம் என்றார்கள். ஆனால் படையில் சேர வேண்டுமானால் ஆயுதத்தைச் சொந்தப் பணத்தில் வாங்க வேண்டும். மூட்டை தூக்குகிறவனும் கூலிக்கு நெய்கிறவனும் எப்படி வாங்குவான்? ஆகவே படம் முழுவதும் வசதிக்காரர்களின் முகம். நகரம் எல்லோருக்கும் சொந்தம். கொம்பு சிலருக்கு மட்டும்!

அதே ஆம்ஸ்டர்டாம் வியாபாரிகள் முன்னின்று நடத்திய டச்சுக் கும்பினி 1610 வாக்கில் நம் பழவேற்காட்டில் வந்து இறங்கி, பிறகு கோட்டையும் கட்டியது. எதற்கு? நம் பக்கத்து நெசவாளி நெய்த துணியை வாங்கிக்கொண்டு போய், கிழக்குத் தீவுகளில் மிளகுக்கும் ஜாதிக்காய்க்கும் மாற்றுவதற்கு. அங்கே கொம்பில் மது பொங்கியது. இங்கே குழித்தறியில் முதுகு வளைந்தது.

ஈட்டி பறிபோன நாள்

நெசவாளி எப்போது ஆயுதத்தை இழந்தான்? கோயில் விழாவுக்கு ஈட்டியை எடுத்துவைத்த நாளில் என்று நினைக்க வேண்டாம். அவனிடம் இரும்பில் செய்யாத ஓர் ஆயுதம் வெகுகாலம் இருந்தது.

வியாபாரி முன்பணம் கொடுத்து நெசவுக்கு அமர்த்துவான். தென்னாட்டில் அன்று ஒரு வழக்கம் உண்டு. நெசவாளிக்குப் பிடிக்கவில்லை என்றால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வியாபாரியிடம் போகலாம். வியாபாரி அப்படி நினைத்தபோது ஒப்பந்தத்தை உதற முடியாது. விலை சரியில்லை என்றால் தறியைக் கழற்றிக்கொண்டு ஊரையே விட்டுப் போய்விடுவார்கள். 'முடியாது, போகிறேன்' என்று சொல்லும் உரிமை! அதுதான் அவனுடைய உண்மையான குந்தம்.

இங்கிலீஷ் கும்பினி வெறும் வியாபாரியாக இருந்தவரை அந்த உரிமைக்கு முன்னால் அதுவும் தலை குனிந்துதான் வாங்கியது. 1763இல் நவாப் செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராகக் கும்பினிக்கு விட்டான்; காஞ்சிபுரமும் அதற்குள்தான். துணி வாங்கிய கையிலேயே இப்போது போலீசும் கச்சேரியும் வந்து சேர்ந்தன. முன்பணம் வாங்கியவன் வேறு யாருக்கும் நெய்யக் கூடாது, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவும் கூடாது என்ற நெருக்கடி 18ஆம் நூற்றாண்டின் கடைசிக்குள் இறுகியது. முன்பணம் கயிறாக மாறியது. பிறகு மான்செஸ்டர் ஆலைத் துணி கப்பலில் வந்து இறங்கியதும் கயிறு கழுத்தை இறுக்கியது.

கந்த சஷ்டி ஈட்டியை யாரும் பறிக்கவில்லை. அதைப் பறிக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

இன்றைய கணக்கு

இன்றைக்கும் காஞ்சிபுரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் முன்பணம் நெசவாளியின் காலைச் சுற்றித்தான் கிடக்கிறது. கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ வாங்கின பணம் கூலியில் கழிகிறது. கழிவதற்குள் அடுத்த செலவு வருகிறது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குப் பாதுகாப்பு வந்தது. கோர்வை போட்டு உடலையும் கரையையும் பிணைக்கிற கைக்கு என்ன பாதுகாப்பு வந்தது? கைத்தறிக்குச் சில ரகங்களை ஒதுக்கி 1985இல் பாராளுமன்றம் சட்டம் போட்டது. ஆலைக்காரர்களும் விசைத்தறிக்காரர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். 1993இல் சுப்ரீம் கோர்ட்டு சட்டம் செல்லும் என்றது. பிறகு 22 ரகமாக இருந்த பட்டியல் 11 ரகமாகச் சுருங்கிவிட்டது.

2019-20இல் எடுத்த நாலாவது கைத்தறிக் கணக்கெடுப்பு, நாடு முழுவதும் சுமார் 35 லட்சம் பேர் இந்தத் தொழிலில் இருப்பதாகச் சொல்கிறது. நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5000 ரூபாய்க்குள். நெசவாளர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெண்கள். நவவீரர் வேஷத்தில் இந்தப் பெண்கள் எங்கே? தார் சுற்றும் கிழவி எங்கே? காஞ்சிச் சீமையில் செங்குந்தர் மட்டுமா நெய்கிறார்கள்? சாலியரும் தேவாங்கரும் வன்னியரும் தலித் மக்களும் நெய்கிறார்கள். ஈட்டி ஒரு ஜாதிக்கே என்று மாட்டி வைத்தால் இத்தனை பேரும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

மேலே இருப்பவர்கள் அடையாளத்தின் மதிப்பை நன்றாக அறிந்தவர்கள். 2020 ஜூலையில் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை மத்திய சர்க்கார் கலைத்தது. 2023 மே 28இல் டில்லியின் புதிய பாராளுமன்றக் கட்டிடத்தில் தமிழ்நாட்டு ஆதீனங்களை வரவழைத்துச் செங்கோலை நிறுத்தியது. ராஜாவின் கோலுக்கு இடம் கிடைத்தது; நெசவாளியின் குரலுக்கு இருந்த ஒரு நாற்காலியும் போயிற்று.

யாருடைய சங்கு?

இப்போது ஆலைத் தொழிலாளிக்கு ஒரு வார்த்தை. ஆலையில் ஊதுவதற்கும் நாம் சங்கு என்றுதான் பெயர் வைத்தோம். எத்தனை தலைமுறை அந்தச் சங்குக்கு எழுந்து, அந்தச் சங்குக்குச் சாப்பிட்டு, அந்தச் சங்குக்குப் படுத்தது! அன்று கல்வெட்டில் கேட்டு வாங்கிய சங்கு நெசவாளி ஊதியது. ஆலைச் சங்கு முதலாளி ஊதியது. அதற்குப் பதில் சொல்லத்தான் 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. சங்குக்கு எதிரே சங்கம்!

நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே அண்மையில் இது மறுபடி நடந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் சாம்சங் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வும் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்கள் சங்கத்தைப் பதிவு செய்து அங்கீகரிக்க வேண்டும் என்று கேட்டார்கள். சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரக் கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. வழக்கு ஹைகோர்ட்டு வரை போனது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று.

படையின் பெயர் யாருடையது என்று சோழன் காலத்துக் கதையில் கேட்டோமே, இங்கே அதே கேள்வி தலைகீழாக நிற்கிறது. அன்று தொழிலாளியின் படை ராஜாவின் பெயரைச் சுமந்தது. இன்று தொழிலாளி, 'நான் உழைக்கும் இடத்தின் பெயர் என் சங்கத்துக்கும் உண்டு' என்கிறான். 15ஆம் நூற்றாண்டுக் கைக்கோளன் தனக்கும் சங்கு வேண்டும் என்று கேட்டதன் தொடர்ச்சி இது. ஒரு பெரிய வித்தியாசமும் இருக்கிறது. அவன் தன் ஜாதிக்குக் கேட்டான். இவன் தன்னோடு வேலை செய்கிற அத்தனை பேருக்கும் கேட்டான்.

ஆகவே கந்த சஷ்டியில் ஈட்டி ஏந்தி வருகிற நெசவாளத் தோழனை நாம் கேலி செய்யப் போவதில்லை. அவன் முன்னோரின் நினைவை ஏந்தி வருகிறான். அவனிடம் நாம் சொல்ல வேண்டியது வேறு. முன்பணக் கணக்கை உன் கையிலும் ஒரு புத்தகத்தில் எழுதி வை. கூலி விகிதத்தைத் தெருவில் எல்லோரும் படிக்கும்படி எழுதி மாட்டச் சொல். 1985ஆம் வருஷச் சட்டத்தை அமுல் நடத்து என்று அதிகாரியைக் கேள். கேட்கப் போகும்போது தனியாகப் போகாதே. தார் சுற்றும் பெண்ணையும், கோர்வைக்கு உட்காரும் ஆளையும், பக்கத்துத் தெரு வேறு ஜாதித் தறிக்காரனையும் கூட்டிக்கொண்டு போ. முன்பணத்தைத் திருப்பி வைத்துவிட்டு 'முடியாது' என்று நீங்கள் சேர்ந்து சொல்ல முடிகிற அன்றைக்கு, ஈட்டி உங்கள் கைக்குத் திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம்.

வயலில் நிற்கும் தோழனுக்கும் இதே சொல்தான். கொறுக்கைக் கோயில் கல்லில் வலங்கையும் இடங்கையும் சேர்ந்து எழுதியது அழியாமல் இருக்கிறது. படிக்க ஆள் வேண்டும். படித்தபடி நடக்கவும் ஆள் வேண்டும்.